‘மற்றும் பலர்’: இடிந்தகரைப் பெண்கள் சட்டத்துக்கு வெளியே வாழ்ந்த காலம்

போலீஸ் ஸ்டேஷனில் எழுதும் முதல் தகவல் அறிக்கையில் எதிரிகளின் பெயர், விலாசத்துக்கென்று ஒரு பகுதி உண்டு. வரப்புத் தகராறு, அடிதடி என்றால் அதில் இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். 2011க்குப் பிறகு இராதாபுரம் தாலுகாவின் கடற்கரை ஊர்கள்மீது எழுதப்பட்ட அறிக்கைகளில் அந்தப் பகுதி வேறு விதமாக நிரம்பியது. முதலில் எல்லோருக்கும் தெரிந்த நாலைந்து பெயர்கள். அவற்றுக்குக் கீழே ‘மற்றும் பலர்’. சில அறிக்கைகளில் பலர் என்பதற்குப் பதிலாக ஆயிரம், இரண்டாயிரம் என்று ஓர் எண்ணிக்கை. பீடி சுற்றுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஆச்சிகள் என்று இடிந்தகரைப் பெண்கள் பெரும்பாலும் அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் இருந்தார்கள். கூடங்குளம் அணுமின் நிலையம் வேண்டாம் என்று மாதா கோவில் முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்ததில் தொடங்கியது அது.

சட்டத்துக்கு வெளியே போன ஆண்களுக்குத் திருநெல்வேலிச் சீமையில் குறைவில்லை. 1923ல் போலீஸ் சுட்டுக் கொன்ற ஜம்புலிங்க நாடாரை, இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுத்தவர் என்றுதான் இன்றும் கதை சொல்கிறார்கள். பெண்களுக்கு அந்த வசதி கிடையாது. வில்லுப்பாட்டில் அநியாயமாகச் செத்தவள் இசக்கி என்ற தெய்வமாக வந்து பழி தீர்ப்பாள், கொடை வாங்கிக்கொள்வாள். உயிரோடிருக்கும்போதே எதிர்த்து நின்றவளுக்குப் பாட்டு கட்டுவது அபூர்வம். கொள்ளைக்காரன் என்ற சொல்லைக் கொஞ்சம் ரசித்தே சொல்லும் நமக்கு, அதன் பெண்பால் வாயில் ஒட்டவே ஒட்டாது.

இடிந்தகரைப் பெண்கள் எதையும் கொள்ளையடிக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் ஊரைத் தாண்டிக் கால் வைத்தால் பிடித்துவிடுவார்கள் என்ற நிலையில் மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். எப்படி அந்த நிலைக்கு வந்தார்கள், வந்த பிறகு அதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால், கடற்கரையை விட்டுவிட்டு முதலில் ஆற்றங்கரைக்கு வர வேண்டும்.

1999ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை. அதனால் கூலிக்கான சண்டையிலும் சிறைக்குப் போனவர்களிலும் பெண்கள் இருந்தார்கள். கைதான 652 பேரைத் திருச்சிச் சிறையில் வைத்தார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லி ஜூலை 23 அன்று கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஊர்வலம் வந்தது. திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடம் புரியும்: ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் தாமிரபரணி. போலீஸ் தடியடி நடத்தியபோது கூட்டத்துக்கு ஓட இருந்த ஒரே வழி ஆறுதான். 17 பேர் செத்தார்கள். அவர்களில் இரண்டு பெண்கள், ஒரு கைக்குழந்தை. விசாரித்த நீதிபதி மோகன் கமிஷன், பெரும்பாலான சாவுகளுக்கு நீரில் மூழ்கியதையே காரணமாகச் சொன்னது. எதற்காக ஆற்றில் குதித்தார்கள் என்ற கேள்வி ஊரில் அப்படியே நின்றுவிட்டது.

இதிலிருந்து இடிந்தகரை பாடம் கற்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என்னுடைய கணிப்பு அது, அவ்வளவுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். மாஞ்சோலைக்காரர்கள் அதிகாரம் இருக்கும் இடத்துக்கு மனுவோடு வந்தார்கள், வந்த இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். இடிந்தகரைக்காரர்கள் தங்கள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்கள். அதிகாரம்தான் அவர்களைத் தேடி வர வேண்டியிருந்தது.

கூடங்குளத்தின் பின்கதையைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் மீனவர் பேரணி துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சோவியத் யூனியன் உடைந்ததில் திட்டம் கொஞ்ச காலம் தூங்கியது. 2002ல் ஆயிரம் மெகாவாட் வீதம் இரண்டு உலைகளின் கட்டுமானம் தொடங்கியது. இதற்கு நடுவே 2004 சுனாமி வந்தது. வீடிழந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த சுனாமி காலனியும் உலையின் குவிமாடங்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் எழுந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் கடல் பொங்கி ஃபுகுஷிமா உலைகள் சேதமானதை டிவியில் பார்த்தபோது, சுனாமி காலனிப் பெண்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடல் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வருடம் நடுவில் உலையில் சோதனை ஓட்டம் தொடங்கி, அதன் இரைச்சல் ஊருக்குக் கேட்டது. செப்டம்பர் 11 அன்று 127 பேர் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். மக்கள் அச்சம் தீரும்வரை வேலையை நிறுத்த வேண்டும் என்று ஜெயலலிதாவின் அமைச்சரவை தீர்மானம் போட்டதும் அது முடிந்தது. பந்தல் மட்டும் பிரியவில்லை. லூர்து மாதா ஆலயத்தின் முன்னால் தொடர் உண்ணாவிரதமாக வருடக்கணக்கில் நீண்டது.

அந்தப் பந்தலில் ஏன் பெண்களே நிறைந்திருந்தார்கள்? ‘பெண்களை முன்னால் நிறுத்தி ஆண்கள் ஒளிந்துகொண்டார்கள்’ என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். சொன்னவர்கள் பந்தலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆண்கள் கடலுக்குப் போனால்தான் அன்றைய பாடு. கரையில் இருக்கிற உழைப்பு பெண்களுடையது. அதில் முக்கியமானது பீடி. மேலப்பாளையம், முக்கூடல் பக்கம் மட்டுமல்ல, இந்தக் கடற்கரையிலும் பீடி சுற்றித்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. இதில் ஒரு வசதி உண்டு: மடியில் சுளவு என்கிற முறம், அதில் இலையும் தூளும் நூலும் இருந்தால் வேலை நடக்கும், எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது முக்கியமில்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்பதால் நேரம் போனால் பணமும் போகும். ஆகவே பந்தலுக்குச் சுளவும் கூடவே வந்தது. பேச்சைக் கேட்டுக்கொண்டே, ஜெபம் சொல்லிக்கொண்டே விரல்கள் இலையைச் சுருட்டின. ஒரு ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தால் அன்றே கூலி நிற்கும், இருபதாம் நாள் வீட்டில் சண்டை வரும். இவர்களுக்குக் கூலி குறைந்ததே தவிர நிற்கவில்லை. போராட்டம் அத்தனை நாள் நீண்டதற்குக் காரணங்களைத் தேடுகிறவர்கள் வெளிநாட்டுப் பணத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங்கே அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களைக் கைகாட்டினார். மடியிலிருந்த சுளவைப் பற்றிப் பேசியவர் குறைவு.

கூட்டத்தைக் கூட்டவும் ஏற்பாடு தயாராக இருந்தது. கோவில் மணி அடித்தால் ஊர் கூடிவிடும். அன்பியம் என்கிற தெருவாரியான ஜெபக் கூட்டங்களும் சுயஉதவிக் குழுக்களும் தெருத்தெருவாகப் பெண்களை ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைத்திருந்தன. யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தத் தெருவுக்கு என்றைக்குப் பந்தல் முறை என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஊர்க் கமிட்டியில் பெரும்பாலும் ஆண்கள்தான், பெண்களுக்கு அதில் இடம் அநேகமாக இல்லை. பந்தலில் அப்படியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடித்த பெண்கள், பார்க்க வந்த நிருபர்களிடம் கதிர்வீச்சை அளக்கும் ராட் கணக்கும் ரெம் கணக்கும் பேசினார்கள். அப்போது மத்திய அரசு என்ன செய்தது தெரியுமா? மக்களின் பயத்தைப் போக்க பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிபுணர்களின் உதவியை நாடியது. பயத்துக்கு வைத்தியம் பார்க்கலாம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது.

2012 மார்ச் 18 சங்கரன்கோவில் இடைத்தேர்தல். மறுநாள், மார்ச் 19, உலையைத் திறக்கலாம் என்று அதே அமைச்சரவை முடிவு செய்தது. 500 கோடி ரூபாய்க்கு வளர்ச்சித் திட்டமும் அறிவித்தது. அன்றே இராதாபுரம் தாலுகாவில் 144. ரோடுகள் அடைபட்டன. பாலும் தண்ணீரும் ஊருக்குள் வருவது சிரமமாயிற்று.

சட்டம் இங்கே எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. அப்போது நடப்பில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவில் போடும் உத்தரவு இரண்டு மாதம் செல்லும். மாநில அரசு நினைத்தால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டலாம். கூட்டம் கூடுவதைத்தான் அது தடுத்தது. ஆனால் கோவில் முன்னால் உட்காருவதே கூட்டம் என்று ஆகிவிட்டால், காலையில் ஜெபத்துக்குப் போகிறவளும் உத்தரவை மீறியவள்தான். அடுத்தது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, அவர்களின் பொது நோக்கம் சட்டத்துக்கு மாறானது என்றால், 141ஆம் பிரிவின்படி அது சட்டவிரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காகக் கூட்டத்தில் ஒருவர் செய்த குற்றத்தை 149ஆம் பிரிவு அங்கே இருந்த எல்லோர் தலையிலும் வைக்கும். ‘மற்றும் பலர்’ என்ற வார்த்தைக்குப் பல் முளைப்பது இங்கேதான். கல் எறிந்தது யார் என்று நிரூபிக்கும் சிரமம் குறைகிறது. அங்கே இருந்தாயா, இல்லையா என்பதே கேள்வி. இதற்கு மேலே 124ஏ, அதாவது தேசத்துரோகம். அதற்கும் மேலே 121, அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல், அதிகபட்சத் தண்டனை தூக்கு. சுளவோடு உட்கார்ந்திருந்தவர்கள்மீது போர் வழக்கு.

2011 கடைசிக்குள்ளேயே 107 முதல் தகவல் அறிக்கைகள், அவற்றில் 55,795 பேர், தேசத்துரோகம், போர் தொடுத்தல் பிரிவுகளில் 6,800 பேர் என்று போராட்டத்துக்கு ஆதரவான உண்மை அறியும் குழு ஒன்று கணக்குச் சொன்னது. இடிந்தகரையில் அத்தனை ஜனம் கிடையாது. ஒரே பெண் பத்து அறிக்கைகளில் பத்துத் தடவை ‘பலர்’ ஆகியிருந்தால்தான் இந்தக் கூட்டல் சரியாக வரும்.

124ஏ இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது இதே திருநெல்வேலியில், இதே பிரிவின்கீழ். அதற்கு முன் மார்ச் 13 அன்று நடந்த எழுச்சியில் நான்கு பேர் சுடப்பட்டார்கள். அப்புறம் தண்டப் போலீஸை நிறுத்தி, அதன் செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே கட்டினார்கள். யார் செய்தார் என்று பார்க்காமல் ஊரையே தண்டிப்பது அப்போதே பழகிய வழிதான். வ.உ.சி.க்குச் சிலை வைத்திருக்கிறோம், கப்பல் கதையைப் பாடத்தில் படிக்கிறோம். அந்தப் பிரிவு நூறு வருடம் கழித்து அதே மாவட்டத்தில் மீன் விற்கிற பெண்ணைத் தேடி வந்தபோது பெரிய அதிர்ச்சி எதுவும் ஏற்படவில்லை.

2012 செப்டம்பர் 9 அன்று ஆயிரக்கணக்கானோர் கடற்கரை வழியாக உலையை முற்றுகையிடப் போனார்கள். போலீஸ் மறித்த இடத்திலேயே மணலில் இராத்தங்கினார்கள். மறுநாள் காலை கண்ணீர்ப்புகை, தடியடி. பலர் கடலுக்குள் ஓடினார்கள். இங்கே தாமிரபரணி கதை திரும்பாமல் போனதற்குக் காரணம், கடல் அவர்களுக்குத் தெரிந்த இடம் என்பதுதான். படகுகள் பக்கத்தில் இருந்தன, நீச்சலும் தெரியும். ஆனாலும் உயிர் போகாமல் இல்லை. அன்றே மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். மூன்று நாள் கழித்துக் கடலில் இறங்கி நின்று போராடியபோது, தாழப் பறந்த கடலோரக் காவல்படை விமானத்தால் நிலைகுலைந்து விழுந்த இன்னொருவரும் பிறகு இறந்தார். போலீஸ் ஊருக்குள்ளும் சுனாமி காலனிக்குள்ளும் புகுந்து ஆட்களைப் பிடித்தது.

செப்டம்பர் 11 இரவில் நடந்ததை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். போராட்டக் குழுவின் சுப. உதயகுமார் போலீஸிடம் சரணடையப் போவதாக அறிவித்திருந்தார். சட்டத்தை மதிக்கும் எந்தத் தலைவரும் செய்யக்கூடியதுதான். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேடையிலிருந்து அவரை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றிவிட்டார்கள். தலைவர் உள்ளே போகத் தயார், ‘பலர்’ விடத் தயாரில்லை! பெயர் இருக்கிறவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இருந்த உறவு என்ன என்பதை அந்த ஒரு இரவு காட்டிவிட்டது.

பெயரில்லாமல் இருப்பது ஆபத்து மட்டுமல்ல, அதற்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது. யாரைக் கைது செய்வது என்று பட்டியல் இல்லாதபோது ஊருக்குள் வந்தால் மொத்த ஊரையும்தான் எதிர்கொள்ள வேண்டும். பெண்ணைப் பொழுது சாய்ந்த பிறகு கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாத நிலையில் பெண் போலீஸும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியும் வேண்டும் என்று 2005ல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். பந்தலில் ராத்திரியும் பெண்களே உட்கார்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உதயகுமார் முதலியவர்கள் மாதக்கணக்கில் ஊரைவிட்டு வெளியே வராமல் இருக்க முடிந்தது இந்தப் பெண்கள் சுற்றி இருந்ததால்தான். ரோடு அடைபட்டால் கடல் திறந்திருந்தது. பக்கத்துக் கரைகளிலிருந்து படகில் அரிசியும் காய்கறியும் வந்தன.

ஆனால் ஊர் ஒரே சமயத்தில் கோட்டையாகவும் சிறையாகவும் ஆகிவிட்டது. பிரசவமோ நெஞ்சுவலியோ என்றால் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோதான் போக வேண்டும். செக்போஸ்டில் எந்த அறிக்கையின் எந்தப் பலரில் தன்னைச் சேர்ப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. பெயர் எழுதியிருந்தால் வக்கீலைப் பார்த்து முன்ஜாமீன் கேட்கலாம். ‘மற்றும் பலர்’ எதற்கென்று ஜாமீன் கேட்பது? மாட்டியவர்களுக்கோ தூரமே தண்டனை. கைதான பெண்களைத் திருச்சி மகளிர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இடிந்தகரையிலிருந்து அது 300 கிலோமீட்டருக்கு மேல். ஒரு தடவை மனு போட்டுப் பார்த்து வர வீட்டில் இரண்டு நாள் பாடு போகும். சிலர் வெளியே வர மூன்று மாதம் ஆனது. வந்த பிறகு நிபந்தனை ஜாமீன்: வெளியூரில் தங்கி ஸ்டேஷனில் தினமும் கையெழுத்து. ஊர் தெரியாத இடத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு, பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு, கையெழுத்துப் போடுவதையே வேலையாக வைத்துக்கொள்வது எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படாத தண்டனை.

தேர்தலில் ஜெயித்து வந்த அரசைச் சர்வாதிகாரம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. அரசு பக்கத்திலும் வாதம் இருந்தது. 2012ல் தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டில் வெந்துகொண்டிருந்தது, சின்னப் பட்டறைகள் மூடின. ஆயிரக்கணக்கான கோடி செலவழித்துக் கட்டி முடித்த உலை சும்மா நின்றது. அதற்குள் வேலை கிடைத்த உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள், அவர்கள் போராட்டத்தை வெறுத்தார்கள். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைக்குப் பச்சைக்கொடி காட்டியது பொதுநலன் என்ற அடிப்படையில்தான். இதெல்லாம் உலை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்குப் பதில். வேண்டாம் என்று சொன்னவளைப் போர் தொடுத்தவளாக ஏன் எழுத வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பதில்களில் எதுவும் பொருந்தவில்லை. அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும், போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்றது. ஒரு தாலுகாவில் மட்டும், ஒரு பிரச்சினைக்கு மட்டும், தேர்தல் முடிந்த மறுநாளிலிருந்து ஒரு தனிச் சட்டம் நடந்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது என்று வாசகர்கள்தான் சொல்ல வேண்டும்.

1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில் இதன் இன்னொரு முகத்தை 2018ல் பார்த்தோம். மே 22 அன்று ஸ்டெர்லைட்டுக்கு எதிராக மக்கள் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள், மாஞ்சோலைக்காரர்கள் மாதிரியே. அன்றும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். செத்தவர்களில் ஒரு பெண், கலெக்டர் ஆபீசிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்தில், தன் வீட்டுப் பக்கத்துத் தெருவில் விழுந்தார். போலீஸ் நடவடிக்கை வரம்பு மீறியது என்றது நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம். திரேஸ்புரம் மாதிரி நெருக்கமான ஏழைத் தெருக்களில் ‘பலர்’ ஆவதற்குப் பந்தலுக்குக்கூடப் போக வேண்டியதில்லை. அங்கே குடியிருந்தாலே போதும்.

கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலையில் இயங்கத் தொடங்கியது. வழக்குகள் கொத்துக் கொத்தாகத் திரும்பப் பெறப்பட்டன. 2021ல் அ.தி.மு.க. அரசும் அதன்பின் வந்த தி.மு.க. அரசும் மிச்சத்தைப் பற்றி அறிவிப்புகள் வெளியிட்டன. 2022 மே 11 அன்று 124ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் ஏறக்குறைய அதே வேலையை 152ஆம் பிரிவு செய்கிறது.

வழக்கில் பெயர் இருந்தவர்களுக்கு வழக்கு எண் உண்டு. நம்பரைச் சொல்லி, கோர்ட்டில் நகல் வாங்கி, முடிந்துவிட்டது என்று காட்டலாம். பெயர் இல்லாமல் இருந்தவளுக்கு எந்த நகலும் கிடைக்காது. மகன் வளைகுடாவுக்குப் போக பாஸ்போர்ட்டுக்கு மனுப் போடுகிறான், போலீஸ் விசாரணைக்கு வருகிறது. கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்பது சட்டம். 2012ல் அவனும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பந்தலில் இருந்தவன்தான். ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ‘ஒம் மேல எதும் கேஸ் இருக்கா?’ அதற்கு என்ன பதில் சொல்வது என்று அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறான்.